தியோடர்னு யாரு கூப்பிடுறது?

கதையைக் கேளுங்க. கடைசில ஒரு கேள்வி கேப்பேன். அதுவரைக்கும் யாரும் கொட்டாவி விடக் கூடாது.

நாசரேத் பக்கத்துல ஆல்வின்னு ஒருத்தன். கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு அவனுக்கும் எப்சிக்கும் ஒரு ஆம்பளப் பிள்ளை பிறந்துச்சு. துள்ளிக் குதிக்க வேண்டிய பய, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சான். ஏன்னா, பிள்ளை பேரு விஷயத்துல அவன் முன்னாடியே வாக்குக் குடுத்துட்டான்.

யாருக்கு? அவங்க அப்பாவுக்கு. அவரு பேரு தியோடர். போன வருஷம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதுக்கே மனுஷன் போருக்குப் போற மாதிரி ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, மகன் கையைப் புடிச்சு, தொண்டையைக் கம்ம வச்சு, "ஏல ஆல்வினு... நான் திரும்பி வரலைன்னா... வந்தாலும் சரி... உனக்குப் பையன் பிறந்தா என் பேரை வைப்பியாலே?"ன்னாரு. எந்த மகன் மாட்டேம்பான்? "வைக்கிறேம்பா"ன்னுட்டான். அவரு மறுநாளே எந்திரிச்சு இட்லிக்குச் சட்னி பத்தலைன்னு சண்டை போட்டாரு, அது வேற கதை.

வாக்குக் குடுத்தது அவன், மாட்டிக்கிட்டது எப்சி. அந்த வீட்டுல மாமனார் பேரை மருமக வாயால சொல்ற பழக்கம் கிடையாது. ரேஷன் கடையில "குடும்பத் தலைவர் பேரு என்னம்மா"ன்னு கேட்டாக்கூட, பக்கத்துல நிக்கிறவளைத்தான் சொல்லச் சொல்லுவா.

"நீங்க வச்சுட்டுப் போயிருவீங்க. நாள் பூரா கூப்பிடப் போறது யாரு?"ன்னு கேட்டா எப்சி. "'ஏல...'"ன்னு நிறுத்தி, மாமனார் இருக்கிற ரூமைக் கையால காட்டி, "'ஏல அவங்க பேரு, மண்ணைத் திங்காத'ங்கவா? பெத்த பிள்ளை பேரை நான் ஒரு நாளும் சொல்லவே கூடாதா?" சொல்லிட்டு அழுதா. முதல்ல கேட்டுச் சிரிச்ச ஆல்வினுக்கும் அதுக்கப்புறம் சோறு இறங்கல.

அப்பத்தான் எப்சியோட அண்ணன் சிசில் வந்தான். ஞானஸ்நானத்துல பிள்ளையை ஏந்திக்கிட்டுப் பேரு சொல்லப் போற ஞானத்தகப்பன் அவன்தான். போனைக் கண்ணுல ஒட்டிக்கிட்டு ஆரம்பிச்சான்.

"மாப்ள, இங்கிலீஷ்காரன் சொந்தமா வச்ச பேரு கொஞ்சந்தான். மத்ததெல்லாம் ஊரூரா வாங்குனது. தியோடர் கிரேக்கப் பேரு. கடவுள் தந்த பரிசுன்னு அர்த்தம். நத்தானியேல் எபிரேயு. அதுவும் கடவுள் தந்தாருன்னுதான் சொல்லுது. ஜாடிதான் வேற, ஊறுகா ஒண்ணு. நத்தானியேல்னு வையி, மாமா பேரு உள்ள இருக்கும்."

"என் பேருக்கு என்ன மச்சான்?"

"ஆல்வின் பழைய இங்கிலீஷு. கிட்டத்தட்ட குட்டிச்சாத்தானுக்குக் கூட்டாளி."

"அப்ப சிசிலு?"

தடிக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "அது லத்தீனு. கண்ணு தெரியாதவன்னு போட்டிருக்கான். அது இப்ப எதுக்கு?"ன்னு போனை மூடிட்டான்.

எப்சி மூஞ்சியில வெளிச்சம் வந்துச்சு. எல்லாரும் பெரியவருகிட்டப் போனாங்க. அவரு முழுசாக் கேட்டாரு.

"அர்த்தத்தை வச்சு நான் என்னலே பண்ண? எனக்குப் பேருதான் வேணும். என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டவனெல்லாம் கல்லறைத் தோட்டத்துல கெடக்கான். வீட்டுல நான் அப்பா, மாமா. ரோட்டுல பெரியவரு. உங்கம்மாவும் சாகுறவரைக்கும் 'இங்க பாருங்க'தான். சாகுறதுக்குள்ள இந்த வீட்டுல தியோடர்னு ஒரு சத்தம் கேக்கணும்."

"ரெண்டு பேரையும் சேத்து வைப்போமாப்பா?"

"வப்பீங்க. ஒண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போயிரும், ஒண்ணு வீட்டுல இருக்கும். வீட்டுல எது இருக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

ஆல்வினுக்கு அப்பாவைப் பாத்தா பாவமா இருக்கு, எப்சியைப் பாத்தாலும் பாவமா இருக்கு. "என்ன பேரு சொல்லணும்னு ஞானஸ்நானத்தன்னைக்குக் கோயில்ல வச்சுச் சொல்றேன் மச்சான்"னு சிசில்கிட்டத் தள்ளிப் போட்டான்.

ஞானஸ்நானத்தன்னைக்குக் கோயில் நிறையக் கூட்டம். அங்க ஞானத்தகப்பன் வாயில வர்ற பேருதான் பேரு, அப்புறம் மாத்துற பேச்சே கிடையாது. சபையை நடத்துற பாதிரி ஐயரு, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்"னாரு. பிள்ளையை ஏந்திக்கிட்டு நின்ன சிசில் ஆல்வினைப் பாத்தான். ஆல்வின் தரையைப் பாத்தான்.

முன் வரிசையில இருந்து பெரியவரு எந்திரிச்சாரு. "நத்தானியேல்னே சொல்லு மக்கா. என் மருமக அவ பிள்ளையை வாய் நிறையக் கூப்பிடட்டும். ஆல்வினு குடுத்த வாக்கை நான் திருப்பிக் குடுத்துட்டேன்."

அவரு முடிக்கல, எப்சி தலையை நிமித்திட்டா. "தியோடர்னு சொல்லுங்கண்ணே. தியோடர்." ஊரே கேக்கச் சொன்னா.

ஐயரு பாத்தாரு. "ஒரு பிள்ளை, ஒரு பேரு. பிள்ளை தலையில ஊத்துற வெந்நீ ஆறிக்கிட்டு இருக்கு."

இப்ப நீங்க சொல்லுங்க. வாக்கு வாங்குனவரே விட்டுக் குடுத்துட்டாரு. அந்தப் பேரைச் சொல்லவே கூடாதவ சொல்லிட்டா. மாமனார் பேச்சா, மருமக பேச்சா, சிசில் எதைக் கேக்கணும்?

விடை: மருமக பேச்சைத்தான். நத்தானியேல்னு ஒரு பேச்சு எதுக்கு வந்துச்சு? எப்சியால தியோடர்னு சொல்ல முடியாதுன்னு. அவதான் ஊரு முன்னாடி ரெண்டு தடவை சொல்லிட்டாளே, இனி அவளுக்கு என்ன தடை? பெரியவரு வாக்கைத் திருப்பிக் குடுத்தாரு, சரி. ஆசையைத் திருப்பிக் குடுக்க முடியுமா? அது அப்படியேதான இருக்கு. சிசில் "தியோடர்"னான், ஐயரு தண்ணியை ஊத்துனாரு, ஆல்வின் அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான். இப்பல்லாம் எப்சி அடுப்பங்கரையில இருந்து "தியோடர்"னு சத்தம் குடுக்கிறா. பிள்ளை இன்னும் தவழக்கூட இல்ல. அதனால பெரியவருதான் முதல்ல வந்து நிக்கிறாரு.