காலடியில் ஒரு கை

"காலைத் தொடாதீங்க. தொட்டா..." என்று பெரியவர் சொன்னார். தொட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் குடிலில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

தொட்டால் தனக்குக் கர்வம் வரும் என்றாராம். இல்லை, தொட்டவனுக்கு அடிமைப் புத்தி வரும் என்றாராம். குடிலின் செயலாளர் ஆவுடையப்பன் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பாதியில் விடமாட்டார். "தொட்டால் நான் உயர்ந்துவிடுவேன், நீ தாழ்ந்துவிடுவாய்" என்று வாக்கியத்தை முடித்து, கருங்கல்லில் வெட்டி, கூடத்துச் சுவரில் பதித்துவிட்டார்.

மற்ற மடங்களில் குருவின் பாதத்தைக் கழுவிப் பூஜை செய்வார்கள். இந்தக் குடிலில் அது கிடையாது. பெரியவர் மறைந்த பிறகும் வருகிறவர்கள் அந்தக் கல்லைப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அந்தக் கல்லைத் தாண்டித்தான் அன்று கோமதிநாயகம் பின்கட்டுக்குப் போனான். கையில் படம் வரைகிற டேப்லெட்.

அம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பெரியவருக்குப் பிறகு குடிலைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். உலகம்மை என்ற பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கோமதிநாயகத்தைவிடப் பத்து வயது மூத்தவர். அவனுக்கும் ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மை, அந்தப் படத்தைக் கூடத்துல மாட்ட வேண்டாம்."

"ஏன், நல்லா வரலையா?"

"நல்லா வந்திருக்கு. அதான் பயமா இருக்கு."

அம்மை மொச்சையில் ஒரு பங்கை அவன் பக்கம் தள்ளினார். அவனும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினான்.

பெரியவரின் நூற்றாண்டுக்கு ஒரு படம் வேண்டும் என்றவர் ஆவுடையப்பன். குடிலில் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதில் பெரியவர், யாரோ பிடித்து உட்காரவைத்ததுபோல விறைத்துக்கொண்டு இருந்தார். பழகியவர்களோ, அவர் சிரித்தால் உடம்பு மொத்தமும் சிரிக்கும் என்றார்கள். அந்தச் சிரிப்பை யாராவது வரைந்து தர முடியுமா?

கோமதிநாயகம் ஒப்புக்கொண்டான். அவன் யாரிடமும் ஓவியம் படித்தவனில்லை. மஸ்கட்டில் கணக்கு எழுதிய காலத்தில், அறையில் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்துக் கை பழகியவன். பெரியவரை நேரில் கண்டவனும் இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான் குடிலுக்கு வரத் தொடங்கினான்.

முந்தின நாள் படத்தை ஆவுடையப்பனிடம் காட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, டேப்லெட்டைக் கும்பிட்டார்.

"அவரேதான்யா. நீ அவரைப் பாத்ததே கிடையாதே, இந்தச் சிரிப்பு உனக்கு எங்க கிடைச்சுது?"

விடை கோமதிநாயகத்துக்குத் தெரியும்.

"எடு, பாப்போம்" என்றார் அம்மை.

காட்டினான். பெரியவர் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார். தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்கள் இடுங்கியிருந்தன. ஒரு கை பலகையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. இடது கால், விரல்கள் சுருண்டு, முழங்காலோடு பின்னால் இழுபட்டிருந்தது.

உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அம்மை முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலையே பார்த்தார்.

"காலை ஏன் இழுத்துக்கிட்டார்?"

"சிரிக்கும்போது அப்படி வரும், அம்மை."

"சிரிச்சாத் தோள் குலுங்கும், வயிறு குலுங்கும். கால் எதுக்குத் தம்பி ஓடுது?"

கோமதிநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. மொச்சையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

அவன் வரைவது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் இன்னொருவருக்குக் கிச்சுகிச்சு மூட்டுவது. எல்லாம் வளர்ந்த ஆட்கள். மீசை முறுக்கிய தாசில்தார், கிரீடம் வைத்த ராஜா, மூக்குக்கண்ணாடி போட்ட தலைமையாசிரியை என்று எல்லாரும் 'போதும், விட்டுரு' என்று சிரித்துப் புரள்வார்கள். இது ஏன் பிடிக்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஆபாசம் எதுவும் கிடையாது. ஆனாலும் வீட்டில் சொல்ல வாய் வராது. வேறு பெயரில் இணையத்தில் போடுவான். விரும்பிப் பார்க்க உலகத்தில் அங்கங்கே ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் வேறு பெயரில்தான் வந்தார்கள்.

மஸ்கட்டில் உடன் தங்கியிருந்தவன் ஒருநாள் பார்த்துவிட்டான். மெஸ்ஸில் எல்லார் முன்னாலும், "இன்னைக்கு யாருக்குவே கிச்சுகிச்சு?" என்றான். ஊர் திரும்பும்வரை கோமதிநாயகத்துக்கு அங்கே அதுவே பெயர். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடப் பழகினான்.

அதற்குப் பிறகுதான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல, கணினியில் அடுக்கடுக்காக வரையலாம். சிரிக்கிற ஆளை ஓர் அடுக்கில் வரைவான். கிச்சுகிச்சு மூட்டுகிற கையை வேறோர் அடுக்கில். கதவுச் சத்தம் கேட்டால் ஒரு தட்டு, கை மறைந்துவிடும். அடுக்குகளை ஒன்றாக்கிவிட்டால் பிறகு எதையும் மறைக்க முடியாது. அதனால் தன்னிடம் இருக்கும் படங்களில் ஒன்றைக்கூட அவன் அப்படி ஒன்றாக்கியதில்லை.

"எதுக்கு இவங்கல்லாம் ஒண்ணுமில்லாததுக்கு இப்படிச் சிரிக்காங்க?" என்று மனைவி கேட்டிருக்கிறாள். சும்மாதான் என்று சொல்லியிருக்கிறான்.

"பெரியவர் சிரிப்பு எப்படிப் போட்டாலும் பொய்யா இருந்துச்சு அம்மை. கடைசியில எனக்குத் தெரிஞ்ச வழியில போனேன். காலடியில ஒரு கையை வரைஞ்சேன். உடனே சிரிப்பு வந்துருச்சு. பிறகு கையை மறைச்சிட்டேன்."

அம்மை மடியில் கிடந்த மொச்சைத் தொலியைத் தட்டிவிட்டார்.

"அந்த அசிங்கத்தைத்தான் அண்ணாச்சி செருப்பைக் கழத்திட்டுக் கும்பிட்டார். மாட்டினா ஊரே கும்பிடும். இதையும் அழிச்சிருதேன், வீட்ல இருக்கிற அத்தனையையும் அழிச்சிருதேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இனிமே குடிலுக்கு வராதேன்னாலும் சரி."

"மறைச்சு வச்ச கையைக் காட்டு."

அவன் அந்த அடுக்கைத் தேடினான். தட்டினான்.

பெரியவரின் உள்ளங்காலுக்குக் கீழே ஒரு கை வந்தது. வேறெதுவும் மாறவில்லை.

அம்மை டேப்லெட்டை மடியில் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழவைத்துவிட்டோம் என்று கோமதிநாயகம் எழுந்துவிட்டான்.

அம்மை அழவில்லை.

"வளையலைக் காணோமே" என்றார்.

"அம்மை?"

"இந்தக் கையில வளையல் கிடந்துச்சு. பச்சைக் கண்ணாடி வளையல். கல்யாணமான புதுசு."

அந்தக் காலத்தில் குடிலிலும் பாதபூஜை இருந்தது. செய்கிறவர்கள் பயபக்தியில் பெருவிரலில் தண்ணீரை விட்டு, அதோடு எழுந்துவிடுவார்கள். புதுப்பெண்ணாக வந்த உலகம்மைக்கு அது தெரியாது. கழுவு என்றார்கள், கழுவினார். உள்ளங்காலைத் தேய்த்ததுதான் தாமதம், பெரியவர் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கால் செம்பை உதைத்தது. உள்ளே அவர்கள் இரண்டு பேர்தான். வெளியே நின்றவர்களுக்குச் செம்பு உருண்ட சத்தம் கேட்டது, வாசல்வரை தண்ணீர் ஓடி வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் பெரியவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தார். "காலைத் தொடாதீங்க. தொட்டா..." என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் இருந்த உலகம்மையின் முகம் கண்ணில் பட்டது. சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் கண்கலங்கியதாகக் கூட்டம் நினைத்தது. அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

"இவ தொட்டுத்தான் பூஜையே நின்னு போச்சுன்னு பேசுனாங்க. என் கையில ஏதோ குறைன்னாங்க. மாமியார் ரொம்ப நாள் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கலை."

"நீங்க சொல்லலையா?"

"எப்படிச் சொல்ல? கூச்சத்துல சிரிச்சாருன்னா அவருக்குக் குறைச்சலாயிருமே. இந்தப் பேச்சை அவர் காதுக்கும் போகவிடலை. இந்தா, இன்னைக்குத்தான் வாயத் திறக்கேன்."

கோமதிநாயகம் கூடத்துச் சுவர் இருந்த திசையைப் பார்த்தான்.

"அப்போ, தொட்டா என்னன்னு சொல்ல வந்தார்?"

"சிரிச்சிருவேன்னு. வேற என்ன?"

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அச்சுக்கடைக்காரர் காத்துக்கொண்டிருக்கிறார், படத்தைக் கொடுத்தால் உடனே போய்விடலாம் என்று ஆவுடையப்பன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

அம்மை கையை முந்தானையில் துடைத்தார். டேப்லெட்டுக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, விரல்களை மடக்கி வைத்தார்.

"இப்படி. சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் உள்ள போகும்."

கோமதிநாயகம் அதைப் பார்த்து விரல்களைத் திருத்தினான். மணிக்கட்டில் பச்சை வளையல்களை வரைந்தான்.

ஆவுடையப்பன் உள்ளே வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, காலடியில ஒரு கை? நேத்து இல்லையே."

"நேத்தும் இருந்துச்சு, அண்ணாச்சி."

கோமதிநாயகம் அடுக்குகளை ஒன்றாக்கினான். படத்தின் ஓரத்தில் தன் பெயரை எழுதி, பென் டிரைவில் போட்டு ஆவுடையப்பனிடம் கொடுத்தான்.