கன்ஸிடர் செய்த மோர்

வேங்கைமலைப் பாளையத்தில் ஒரு பெரிய ஏரி. அதில் கலெக்டர் கிராஸ்லி துரை வாத்துச் சுட வருவார். தண்ணீர் குறைந்தால் வாத்து வராதே! அதனால் மதகைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கீழே வயலில் நெல் கதிர் விடும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காயட்டுமே, நெல்லையா சுட முடியும்?

அரசர் கொண்டம நாயக்கர் மதகைத் திறக்கச் சொல்லி ஏழு மனு அனுப்பினார். ஏழுக்கும் இங்கிலீஷில் ஒரே பதில். துரைக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கடிதம் மட்டும் இங்கிலீஷில்தான் எழுதுவார். புரிந்துவிட்டால் ஆபத்தல்லவா?

"உங்கள் மனுவை கன்ஸிடர் செய்கிறோம்" என்று மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷ் ரங்கப்ப முதலி வாசித்தார். "கன்ஸிடர் என்றால் துரை நம்மேல் மனசு வைத்துவிட்டார் என்று அர்த்தம், மகாராஜா!"

ஏழு தடவையும் இதே அர்த்தம். மனுஷருக்கு அலுக்கவே இல்லை.

அரசருக்குப் பொறுமை போயிற்று. அவையில் ஓலை வாசிக்கும் வேலாண்டிப் பிள்ளையைக் கூப்பிட்டார். "இன்னும் பத்து நாளில் பயிர் செத்துவிடும். அந்தப் பாழாய்ப்போன வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?"

"பாதிரியாரை விசாரித்தேன், மகாராஜா. ஆதியில் அது லத்தீன் வார்த்தையாம். நட்சத்திரங்களை உற்றுப் பார்ப்பது என்று அர்த்தமாம். அப்புறம் யோசிப்பது என்று ஆயிற்றாம். துரையின் கச்சேரி ஆபீசுக்கு வந்தபிறகு, ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று ஆகிவிட்டது."

"இதற்கு வைத்தியம்?"

"நாளை துரை வாத்துச் சுட்டுவிட்டு அரண்மனைக்கு வருகிறார். உபசாரத்தை என்னிடம் விடுங்கள்."

மறுநாள் உச்சி வெயிலில் துரை நாக்கு வறண்டு வந்து நாற்காலியில் விழுந்தார். எதிரே பானை நிறைய நீர்மோர். இஞ்சி வாசனை மூக்கைத் துளைத்தது.

"மோர் கொண்டு வா!"

வேலாண்டி குனிந்து கும்பிட்டார். "துரையவர்கள் கேட்டதை கன்ஸிடர் செய்கிறோம்."

கால் மணி நேரம் போயிற்று. யாரும் அசையவில்லை.

"எங்கே மோர்?"

"கன்ஸிடர் ஆகிக்கொண்டே இருக்கிறது, துரையே."

"ஒரு செம்பு மோருக்கு என்னய்யா யோசனை?"

"முறைப்படி நட்சத்திரம் பார்க்க வேண்டாமா? அந்த வார்த்தையின் பூர்வீகமே அதுதானாமே! இப்போது மணி பன்னிரண்டு. கொஞ்சம் பொறுங்கள், ஆறரைக்கெல்லாம் முதல் நட்சத்திரம் வந்துவிடும்."

துரையின் முகம் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்தது. வாசலில் நின்ற குதிரையைப் பார்த்தார். பங்களா எட்டு மைல். மறுபடி பானையைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. சாவியை எடுத்து மேசைமேல் வீசினார். மதகு இனி அரசர் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். என்ன ஆச்சரியம், இந்தத் தடவை தமிழிலேயே எழுத வந்துவிட்டது!

அடுத்த நொடி மோர் வந்தது. துரை நாலு செம்பு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு குத்தலாகக் கேட்டார்: "பட்டப்பகலில் எப்படியய்யா நட்சத்திரம் பார்த்தாய்?"

"நாங்கள் எங்கே பார்த்தோம், துரையே? எங்கள் மனுவை நீங்கள் பார்த்த மாதிரிதான்!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். மதகைத் திறக்கும் மரியாதையை வேலாண்டிக்கே கொடுத்தார்.