கூரனின் சுருட்டை முடி

மூங்கில் காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. குளக்கரைப் பாறைக்கு அடியில் வளை தோண்டி, கூரன், கொடிச்சி என்ற முள்ளம்பன்றித் தம்பதி குடியிருந்தார்கள்.

கூரனின் பிடரியில் கற்றை கற்றையாக நீண்ட முடி. அதற்குப் பின்னால் முதுகு முழுக்க முட்கள். முடியும் சரி, முள்ளும் சரி, ஈர்க்குச்சி மாதிரி நேராக நிற்கும். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. காட்டோரத்தில் ஒரு செம்மறிக் கிடா மேய வந்ததே, அன்றுதான் வினை ஆரம்பித்தது.

கிடாவின் உடம்பெல்லாம் சுருள் சுருளான ரோமம். முயல்கள் அதைச் சுற்றி நின்று, “அடடா, என்ன சுருட்டை! என்ன அழகு!” என்று வாயைப் பிளந்தன. அந்த வழியாக வந்த கூரனைப் பார்த்து ஒரு முயல், “இவர் தலையைப் பாருங்க, துடைப்பத்தை நட்டு வச்ச மாதிரி!” என்று சிரித்தது.

அவ்வளவுதான். கூரன் வளைக்குத் திரும்பி, மூலையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டான்.

“கிழங்கு தோண்டி வச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்க,” என்றாள் கொடிச்சி.

“எனக்குக் கிழங்கு வேண்டாம். சுருட்டை முடி வேணும்!”

கொடிச்சி காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தாள். சரியாகத்தான் விழுந்திருந்தது.

அன்றிரவு கூரன் பாகற்கொடிக்குள் தலையை விட்டுப் படுத்தான். கொடியின் சுருள் முடியிலும் ஏறிவிடும் என்று அவன் கணக்கு. விடிந்ததும் தலையை எடுக்க முடியவில்லை. கொடிச்சி ஒவ்வொரு தண்டாகக் கடித்து அறுத்து அவனை மீட்டாள். முடி நேராகவே இருந்தது.

அடுத்து ஓடைக்குப் போனான். “தண்ணி எப்படிச் சுழலுது பாத்தியா? அதுல தலையை நீட்டினா முடியும் சுழலும்!” என்று சொல்லி நீர்ச்சுழிக்குள் முகத்தை விட்டான். சுழி அவனையே உள்ளே இழுத்தது. கொடிச்சி பின்னங்காலைக் கவ்விக் கரைக்கு இழுத்துப் போட்டாள்.

“மூக்குல தண்ணி ஏறினதுதான் மிச்சம்! இத்தோட விடுங்களேன்!” என்று கத்தினாள்.

“உனக்கு என்ன தெரியும்? துடைப்பம்னு சொன்னது உன்னையா, என்னையா?” என்றான் கூரன், தும்மிக்கொண்டே.

இந்தக் கூத்தையெல்லாம் மரத்திலிருந்து ஒரு குரங்கு பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் பூவாண்டி. மறுநாள் அது பாறைமேல் வந்து குதித்தது.

“அண்ணே, முதல்லயே என்கிட்ட வந்திருக்கக் கூடாதா? சுருட்டைக்கு என்கிட்ட அருமையான கைவைத்தியம் இருக்கு. எங்க பாட்டன் காலத்து மருந்து!”

கூரனின் கண் மின்னியது. கொடிச்சி முந்திக்கொண்டாள். “அப்படிப்பட்ட மருந்து கையில இருந்தும் உன் முடி ஏன் சுருளல?”

“எனக்கு எதுக்கு அண்ணி? நான் இப்படியே அழகுதான்!”

“நீ சும்மா இரு கொடிச்சி,” என்றான் கூரன். “தம்பி, நீ சொல்லு!”

பூவாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டது. “பிசுபிசுன்னு ஒட்டுமே, அந்த நறுவிலிப் பழத்தைப் பிசைஞ்சு கூழாக்கணும். அதுல வேலம்பிசினைக் கலந்து முடியில பூசணும். பிறகு மரவட்டை வேணும். தொட்டா சுருளுமில்ல, அந்த மரவட்டைதான். ஒவ்வொரு கற்றையையும் ஒரு மரவட்டை மேல சுத்தணும். அது சுருண்ட சுருளுக்கு முடியும் சுருண்டுக்கும்! பிசின் காயுற வரைக்கும் நீங்க வெயில்ல கண்ணை மூடிட்டு அசையாம உட்காரணும். கண்ணைத் திறந்தா மருந்து பலிக்காது!”

இதைச் சொல்லும்போது பூவாண்டியின் பார்வை, வளை வாசலில் குவிந்திருந்த கிழங்கின்மேல் போய்ப் போய் வந்தது. கோடைக்கென்று கொடிச்சி பாடுபட்டுத் தோண்டிச் சேர்த்த கிழங்கு அது. அவள் அந்தப் பார்வையைக் கவனிக்காமல் இல்லை.

“இவன் பார்வையே சரியில்லீங்க,” என்றாள் மெல்ல.

“நான் ஒரு நல்ல காரியம் செய்யக் கிளம்பினா உனக்குப் பொறுக்காதே! போய் மரவட்டை பொறுக்கிட்டு வா!”

கொடிச்சிக்குப் பாறையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. போனாள்.

மரவட்டை பொறுக்குவது லேசான வேலையா? தொட்டால் சுருண்டது. சுருண்டதை இலையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினால், முன்னது நிமிர்ந்து நடையைக் கட்டியது. அதைப் பிடித்து வந்தால் இது போய்விட்டது. போதாததற்கு நாற்றம் வேறு! “புருஷன் தலைக்குப் பூச்சி பொறுக்கணும்னு என் தலையில எழுதியிருக்கே!” என்று புலம்பியபடி, பொழுது சாயும் நேரத்தில் ஓர் இலை நிறைய மரவட்டையோடு வந்து சேர்ந்தாள்.

கூரன் பாறைமேல் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தான். பிடரியில் மட்டுமல்ல, முதுகிலும் பசை வழிந்து காய்ந்திருந்தது. முட்களெல்லாம் உடம்போடு உடம்பாகப் படிந்து ஒட்டிக்கிடந்தன.

“தலைக்குத்தானே மருந்து? முதுகுல எதுக்கு?”

“மீதியை வீணாக்குவானேன்னு தம்பிதான் ஊத்தினான். முழுசா சுருண்டா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு! மரவட்டை எங்க? சீக்கிரம் சுத்து!”

கொடிச்சி வளை வாசலைப் பார்த்தாள். ஒரு கிழங்கைக்கூடக் காணோம்.

“கிழங்கு எங்க?”

“நான் என்ன கண்டேன்? கண்ணை மூடிட்டுல்ல இருக்கேன்!”

கொடிச்சி நிமிர்ந்து பார்த்தாள். மரக்கிளையில் பூவாண்டி. கிளை இடுக்கெல்லாம் கிழங்கு. அதன் இரண்டு கன்னமும் பலாக்கொட்டையை அடைத்த மாதிரி உப்பியிருந்தன.

“திருட்டுப் பயலே! இறங்கி வாடா!”

பூவாண்டி இறங்கவில்லை. கண்கள் பிதுங்க, கையை நீட்டி நீட்டி, “ம்ம்! ம்ம்ம்!” என்றது. பழிப்புக் காட்டுகிறது என்று நினைத்த கொடிச்சிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்தக் கை அவளைக் காட்டவில்லை. அவளுக்குப் பின்னால் எதையோ காட்டியது.

மூங்கில் புதர் அசைந்தது. சிறுத்தை வந்து நின்றது.

காட்டில் சிறுத்தை வந்தால் முதலில் கத்துவது குரங்குதான். அன்று குரங்கின் வாயில் கத்துவதற்கு இடமில்லை.

“என்னங்க, சிறுத்தை! முள்ளைத் தூக்குங்க!”

கூரன் கண்ணைத் திறந்தான். உடம்பைச் சிலிர்த்தான். முதுகுத் தோல் துடித்தது. ஒரு முள்கூட எழவில்லை. இன்னொரு முறை, பல்லைக் கடித்துக்கொண்டு சிலிர்த்தான். ஒட்டிய முள் ஒட்டியபடியே இருந்தது.

“ஒரு முள்ளம்பன்றி, முள்ளை மடக்கி வச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்கு! இப்படி ஒரு விருந்தை நான் பார்த்ததே இல்லை!” என்றது சிறுத்தை.

“கொடிச்சி...” என்றான் கூரன்.

கொடிச்சி மரவட்டை இலையை வீசிவிட்டு அவனுக்கு முன்னால் பாய்ந்தாள். சிறுத்தைக்கு முதுகைக் காட்டி நின்று அத்தனை முள்ளையும் விரித்தாள். வால் முட்கள் சலசலவென்று ஒலித்தன. சிறுத்தை இடப்பக்கம் சுற்றியது, அவளும் திரும்பினாள். வலப்பக்கம் வந்தது, அங்கும் திரும்பினாள்.

“நான் பின்னால நகர்ந்து வரேன். நீங்க மெல்ல வளைக்குள்ள போங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க!”

கூரன் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டான். அவன் தலை வளைக்குள் நுழைந்த நேரம், சிறுத்தை பொறுமை இழந்து காலை ஓங்கிப் பாய்ந்தது. கொடிச்சி கண்ணை மூடிக்கொண்டு, முழு பலத்தையும் சேர்த்துப் பின்னால் இடித்தாள். நாலைந்து முட்கள் சிறுத்தையின் பாதத்தில் ஆழமாக இறங்கின. அது அலறிக்கொண்டு, நொண்டி நொண்டிப் புதருக்குள் மறைந்தது.

புதரின் அசைவு அடங்கும்வரை கொடிச்சி முள்ளை மடக்கவில்லை. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகை முடிந்ததும் கோபம் வந்தது.

“வாங்க குளத்துக்கு!”

கூரனைக் கழுத்துவரை தண்ணீரில் உட்கார வைத்தாள். பிசின் மெல்ல மெல்ல ஊறியது. முட்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. பிடரிமயிர் மட்டும் பிசினோடு கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. கழுத்து மொட்டையாகிப்போனது.

“முயலுங்க பாத்தா சிரிக்குமே,” என்றான் கூரன், தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து.

“சிரிக்கட்டும்! சிறுத்தை வயிறு நிறைஞ்சு சிரிக்காம போச்சே, அதுக்குச் சந்தோஷப்படுங்க!”

முள் விடுபட்டாலும், புண்ணான தோல் ஆறிக் கூரனின் முதுகு பழையபடி சிலிர்க்கப் பல நாள் ஆயிற்று. சேர்த்த கிழங்கோடு பூவாண்டி எங்கோ ஓடிவிட்டதால், அதுவரை கொடிச்சி தனியாகவே போய், காய்ந்த தரையைக் கீறிக் கிழங்கு தோண்டி வந்தாள். ஒவ்வொரு கிழங்கோடும் ஒரு வசவு சேர்த்தே பரிமாறினாள். கூரன் இரண்டையும் குனிந்த தலையோடு விழுங்கினான்.

மழை தொடங்கியபோது அவன் பிடரியில் புது முடி முளைத்தது. ஈர்க்குச்சி மாதிரி, நேராக. கூரன் குளத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

“கொடிச்சி, வலப்பக்கம் மட்டும் லேசா வளைஞ்ச மாதிரி இல்ல?”

கொடிச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

“இல்ல, நேராத்தான் இருக்கு,” என்று தானே சொல்லிவிட்டு, கூரன் கிழங்கு தோண்டக் கிளம்பினான்.

பிறர் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று, தன்னைக் காக்கும் இயல்பையே மாற்றிக்கொள்ளப் பார்ப்பவன், ஆபத்து வந்து நிற்கும்போது வெறுங்கையோடுதான் நிற்பான்.