வரிசையில் நின்ற சொற்கள்

ஒரு காலத்தில் சொற்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒன்றை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார் என்றால், அதன் பெயர்களெல்லாம் போய் அவர் நாவருகே வரிசையில் நிற்கும். எந்தச் சொல் முதலில் வெளியே வருகிறதோ, அது அவருக்கு ஆயுசுக்கும் சொந்தம்.

கடலோர ஊரில் சூசையம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் புரை. கருவாட்டுக் களத்தில் நெத்திலி காயவைப்பாள். புறங்கையில் ஏறும் சூட்டை வைத்தே மீனை எப்போது புரட்டவேண்டும் என்று சொல்லிவிடுவாள். கண் அறுவை சிகிச்சை முடிந்து, அன்று காலை கட்டு அவிழ்க்கப் போகிறார்கள்.

முதலில் 'எல்' வந்தது. "உங்களுக்கெல்லாம் நான் மூத்தவன். சூரியனுக்கும் பகலுக்கும் ஒளிக்கும் ஒரே பெயராக இருந்தவன்" என்று இருமியது.

"இருந்தீர் ஐயா, இப்போது உம்மை யார் கூப்பிடுகிறார்கள்?" என்றது 'சூரியப் பிரகாசம்'. "நான் வடமொழியிலிருந்து வந்தவன்தான். ஆனாலும் மேடையில் கைதட்டல் எனக்கல்லவா?"

வரிசையின் கடைசியில் 'வெயில்' ஒதுங்கி நின்றது.

"நீ எதற்கப்பா வந்தாய்? நீ வெம்மை பெற்ற பிள்ளை. இது பார்க்கிற காரியம். சுடுகிற காரியம் இல்லை" என்றது பிரகாசம்.

வெயில் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தது. 'இத்தனை வருஷம் கூடவே இருந்தேன். இன்று என்னைப் பார்த்தும் அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டால்?' என்று பயந்தது.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். திறந்த ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் கட்டில் விரிப்பில் விழுந்திருந்தது.

"என்னம்மா தெரியுது?"

"முன்னால என்னமோ கெடக்கு. என்னன்னு சொல்லத் தெரியலையே." சூசையம்மாள் பக்கத்தில் நின்ற அண்ணன் மனைவியின் கையைத் துழாவினாள். "மைனி, பயமா இருக்கு."

எல்லும் பிரகாசமும் முண்டியடித்தன. அவள் உதடு திறக்கவே இல்லை.

மெல்லக் கையை நீட்டினாள். முதல் முறை தப்பியது. மறுபடி நீட்டினாள். கை அந்த வெளிச்சத்துக்குள் போயிற்று. புறங்கையில் சூடு ஏறியது.

கை அப்படியே நின்றது. கையை வெளியே இழுத்தாள். திரும்ப உள்ளே வைத்தாள்.

"மைனி... வெயிலு!"

"ஆமாட்டி, வெயிலுதான்" என்றாள் மைனி.

எல் தலை குனிந்து வழிவிட்டது. பிரகாசம் கைதட்டக்கூட மறந்துபோயிற்று.

சூசையம்மாள் விரிப்பை மெல்லத் தடவினாள்.

"தெனமும் வந்து என் கையிலதான கெடந்த? ஒனக்கு இம்புட்டு அழகா ஒரு மூஞ்சி இருக்குன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே!"