நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

“டீச்சர், எனக்கு டி.சி. வேணும்” என்றாள் பேச்சியம்மாள்.

எஸ்தர் டீச்சர் குனிந்து மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அந்தக் கயித்து நுனியைப் பிடி” என்றார்.

பேச்சி பிடித்தாள்.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு டீச்சர். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு வேலை கிடைக்கும். பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் அவரிடம்தான் போய்க் கேட்பார்கள்.

“டி.சி. கேட்டேன் டீச்சர்.”

“காதுல விழுந்துச்சு. கயித்தைத் தொய்ய விடாத.”

கோடு கொஞ்ச தூரம் போனது.

“எதுக்கு டி.சி.?”

“திருப்பூர்ல எங்க அத்தை இருக்கா. அவ வீட்டுல இருந்து தையல் படிக்கப் போறேன்.”

“தையல் பிடிக்குமா?”

பேச்சிக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது.

பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“ஒம்பதாப்புல கணக்குலயும் சயின்ஸ்லயும் போச்சு டீச்சர். மறுபடி அதே வகுப்பு. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கிடுவேன். எந்தங்கச்சி முப்பிடாதி பாஸாகி அதே வகுப்புக்கு வந்து நிக்கா. எனக்கு ஒண்ணரை வயசு சின்னவ. நேத்து அவகூட ஒரே பெஞ்சுல உக்காரச் சொல்லிட்டாவ. பஸ்ஸுல கண்டக்டரு, ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளையளான்னு கேக்காரு. எங்கப்பா சிரிக்காரு டீச்சர். ஒரே வீட்டுப்பாடம், ஆளுக்குப் பாதியா எழுதிக்கிடுங்கங்காரு. நான் அந்த வகுப்புக்குள்ள காலே வைக்க மாட்டேன்.”

சொல்லி முடித்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க முடியவில்லை. கையில் கயிறு இருந்தது.

டீச்சர் கடைசிக் கோட்டையும் போட்டு முடித்தார். கையைத் தட்டித் தூளை உதறினார்.

“பத்தாப்புக்கும் ஒம்பதாப்புக்கும் இப்ப மேட்ச். ஒம்பதாப்புல ஒரு ஆள் குறையுது. ஆடிட்டுப் போ.”

“டி.சி.?”

“ஹெச்.எம். எங்க ஓடியா போயிருவாங்க? முதல்ல ஆடு.”

பள்ளி திறந்த வாரம் வகுப்புக்கு வகுப்பு கபடி வைப்பது அங்கே வழக்கம். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பை ஜெயிக்க வைத்தவள் பேச்சிதான். கபடி என்று சொன்னால் போதும், அவளுக்குக் கால் தரையில் நிற்காது. அன்றைக்கும் நிற்கவில்லை. கண்ணீர் காய்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

டீச்சர் விசில் ஊதினார். இரண்டு அணியும் மைதானத்துக்குள் இறங்கின.

பேச்சி நேராகப் போய்த் தோழி மாரிக்கனிக்குப் பக்கத்தில் நின்று அவள் கையைக் கோத்துக்கொண்டாள். போன வருஷம் முழுக்க அப்படித்தான் நின்றாள்.

“ஏட்டி” என்றாள் மாரிக்கனி மெதுவாக. “நீ அந்தப் பக்கம்.”

மைதானம் மொத்தமும் சிரித்தது. மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால்கூடப் பேச்சிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். முப்பிடாதி இடம் விட்டு ஒதுங்கி நின்றாள். பேச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எதிர்ப் பக்கம் பாடிப் போகும் முதல் பாட்டு பேச்சியுடையது.

“கபடி கபடி கபடி...”

ஆத்திரத்தோடு போனாள். வலது கையை நீட்டிப் பாசாங்கு செய்தாள். எல்லாரும் அந்தக் கையைப் பார்க்கும்போது இடது காலைப் பின்னால் வீசித் தொடுவது அவளுடைய வித்தை. மாவட்டப் போட்டிவரைக்கும் போய் ஜெயித்த வித்தை.

காலை வீசினாள்.

மாரிக்கனி அங்கேதான் காத்திருந்தாள். கணுக்காலைப் பிடித்தவள் விடவில்லை. அந்த வித்தையைப் பேச்சி ராவும் பகலும் பழகியது யாரை வைத்து? மாரிக்கனியை வைத்துத்தான்.

“அவுட்!”

பேச்சி எழுந்தாள். சுடிதார் மண்ணைத் தட்டக்கூட இல்லை. பள்ளிக்கூட வாசலைப் பார்த்து நடந்தாள்.

விசில் சத்தம் முதுகில் வந்து விழுந்தது.

“எங்க போற?”

“அதான் அவுட்டாயிட்டேனே டீச்சர்!”

“அவுட்டானவ எங்க இருக்கணும்?”

டீச்சர் விரலை நீட்டினார். கடைசிக் கோட்டுக்குப் பின்னால், ஒன்பதாம் வகுப்பின் பக்கத்தில், வெறும் மண்.

பேச்சி போய் உட்கார்ந்தாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆட்டம் நடந்தது. பின்னால் கத்தலும் தடதடப்பும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஒருத்தி வந்து பக்கத்தில் விழுந்தாள். குட்டையான பிள்ளை. பெயர் ஜெபா. முட்டியில் ரத்தம். முகமெல்லாம் சிரிப்பு.

“நானும் அவுட்டுக்கா!”

பரிசு வாங்கியது மாதிரி சொன்னாள்.

“அதுக்கு என்ன சிரிப்பு?” என்றாள் பேச்சி.

“திரும்பி உக்காருங்கக்கா.”

“எதுக்கு?”

“நம்ம ஆள் ஒருத்தியைத் தொட்டுட்டு வந்தா, வெளிய இருக்கிறதுல ஒரு ஆள் உள்ள போகலாம்லா? முதல்ல அவுட்டானது நீங்க. அப்ப முதல்ல போகவேண்டியது நீங்கதான். உங்களுக்குப் பின்னாடி நான். நீங்க இப்படி வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நான் எப்பக்கா உள்ள போறது?”

பேச்சி மாவட்டம் வரைக்கும் ஆடியவள். இந்த விதி அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவள் அவ்வளவு சீக்கிரம் அவுட் ஆனதே கிடையாது. வெளியே உட்கார்ந்து காத்திருந்த பழக்கமும் கிடையாது.

திரும்பி உட்கார்ந்தாள்.

டீச்சர் கோட்டை ஒட்டி நடந்து வந்தார்.

“டீச்சர், எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருக்கணும்?”

“அது என் கையிலயும் இல்ல, உன் கையிலயும் இல்ல.”

“பின்ன?”

டீச்சர் தாடையால் காட்டினார். நடுக்கோட்டில் முப்பிடாதி சடையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டு அவளுடையது.

“அவ கையிலயா? விளங்கிரும்!” என்றாள் பேச்சி.

முப்பிடாதி பாடிப் போனாள். குரலே எழும்பவில்லை. இரண்டு அடி வைத்தாள், பயந்துபோய்த் திரும்பி ஓடி வந்துவிட்டாள். யாரையும் தொடவில்லை, யாரும் அவளைப் பிடிக்கவும் இல்லை.

பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனாலும் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பார்க்கத் தொடங்கியதும் எல்லாம் கண்ணில் பட்டது. பத்தாம் வகுப்பு எப்படி நிற்கிறது, யார் யாருடைய கையைக் கோத்திருக்கிறார்கள், யாருக்கு மூச்சு வாங்குகிறது.

அப்போதுதான் அதைக் கவனித்தாள்.

மாரிக்கனி ஒருத்தியைப் பாய்ந்து பிடித்தாள். பாய்வதற்குச் சற்று முன்னால் இடது கையைச் சுடிதாரில் துடைத்தாள்.

அடுத்த தடவையும் துடைத்தாள்.

அதற்கடுத்த தடவையும்!

பேச்சிக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு வருஷம் முழுக்க அவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். இது கண்ணில் பட்டதே இல்லை. நேராக இங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

“ஏய்!” என்று ஜெபாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பாத்தியா? பாத்தியா?”

“என்னதுக்கா?”

“கை! அவ கை துடைக்கா பாருட்டி!”

ஜெபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தும் அவளும் சேர்ந்து கத்தினாள். அந்தப் பிள்ளைக்குக் கத்துவதற்குக் காரணம் தேவையில்லை.

பேச்சிக்கு இப்போது உட்கார முடியவில்லை. குத்தவைத்தாள். எழுந்தாள். டீச்சர் முறைத்ததும் மறுபடி உட்கார்ந்தாள். உள்ளே போகவேண்டும். இப்பவே போகவேண்டும். வேறு எதுவும் அவள் மனசில் இல்லை.

மறுபடியும் முப்பிடாதியின் முறை வந்தது.

“முப்பிடாதி!” என்று அலறினாள் பேச்சி. நேற்றிலிருந்து தங்கையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். “பயப்படாதட்டி! ஓரத்துல நிக்கிற நெட்டைக்கு மூச்சு வாங்குது! அவகிட்டப் போ!”

முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். அக்காள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை அவளால் நம்ப முடியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“என்னைய என்ன பாக்க? ஏட்டி, போ!”

போனாள்.

“கபடி கபடி கபடி கபடி...”

குரல் இந்தத் தடவை மைதானத்தின் கடைசிவரை கேட்டது. ஓரத்துக்கு ஓடினாள். நெட்டைப் பெண் பின்வாங்கினாள். கால் தடுமாறினாள். முப்பிடாதியின் விரல்நுனி அவள் முழங்கையில் பட்டது. பட்டதும் நாலு பேர் பாய்ந்தார்கள். முப்பிடாதி குப்புற விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து கையை நீட்டினாள். மூச்சை விடவில்லை. ஊர்ந்தாள்.

நடுக்கோட்டுச் சுண்ணாம்பு அவள் விரலில் ஒட்டியது.

டீச்சர் விசிலை ஊதிவிட்டுப் பேச்சியைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

பேச்சி எழுந்தது யாருக்கும் தெரியாது. உள்ளே நின்றது மட்டும் தெரிந்தது. முப்பிடாதியை அப்படியே தரையிலிருந்து தூக்கி நிறுத்தினாள். இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“எக்கா, மூச்சு முட்டுது” என்றாள் முப்பிடாதி.

அடுத்த பாட்டு பேச்சியுடையது.

இந்தத் தடவை வித்தை எதுவும் இல்லை. நிதானமாகப் போனாள். மாரிக்கனிக்கு எதிரே நின்றாள். அவளுடைய கையை மட்டும் பார்த்தாள்.

கை சுடிதாருக்குப் போனது.

போன அந்தக் கையையே தொட்டுவிட்டுப் பேச்சி துள்ளித் திரும்பினாள். மாரிக்கனி பாய்ந்தபோது அங்கே காற்றுதான் இருந்தது.

“ஏட்டி! எப்படிட்டி?” என்று கத்தினாள் மாரிக்கனி. அவுட்டான வருத்தம்கூட அவளுக்கு மறந்துவிட்டது.

“சொல்ல மாட்டேனே!”

ஜெபா கூவிக்கொண்டே உள்ளே ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு மைதானம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. ஜன்னல்களில் பிள்ளைகள் தொங்கினார்கள். சமையல்கார அக்கா கரண்டியோடு வெளியே வந்து நின்றார். கணக்கு சார்கூட வந்தார். ஒன்பதாம் வகுப்பு புள்ளியில் ஏறியது, பத்தாம் வகுப்பு விட்டுக் கொடுக்கவில்லை, மறுபடி ஏறியது. கோத்த கைகளுக்கு நடுவில் பேச்சியின் ஒரு கை முப்பிடாதியிடமும் மறு கை ஜெபாவிடமும் இருந்தன.

கடைசியில் பேச்சியை வளைத்தார்கள். பத்தாம் வகுப்பில் மிச்சமிருந்த அத்தனை பேரும் சேர்ந்து மேலே விழுந்தார்கள்.

“அவுட்!”

பேச்சி குவியலுக்கு அடியிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்தாள். யாரும் சொல்லவில்லை, விரலும் நீட்டவில்லை. ஓடிப் போய்க் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“முப்பிடாதி! சீக்கிரம் ஒருத்தியைத் தொடுட்டி! எனக்கு இன்னொண்ணு தெரிஞ்சுபோச்சு!”

விசில் நீளமாக ஒலித்தது.

நேரம் முடிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தது.

“ஐயோ டீச்சர்! இன்னும் ஒரே ஒரு பாட்டு!”

டீச்சர் காது கொடுக்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“வெள்ளிக்கிழமை இதே ரெண்டு வகுப்புக்கும் திரும்ப மேட்ச். நாளைக்குக் காலையில ஒம்பதாப்புக்குப் பிராக்டிஸ்.”

பேச்சி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். தலையெல்லாம் மண். உதட்டில் சுண்ணாம்பு.

“எத்தனை மணிக்கு டீச்சர்?”

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ எதுக்குக் கேக்க? பிராக்டிஸ் ஒம்பதாப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.”

“நான் ஒம்பதாப்புதான் டீச்சர்!”