ஆட்டங்கண்ட தேர்

வைத்திலிங்கத்துக்கு எதைப் பார்த்தாலும் ஆட்டங்கண்டதுதான். மடத்துப் பெஞ்சு, மைத்துனனின் வியாபாரம், தன் கடைவாய்ப் பல், எல்லாமே. அறுபது வயதுக்கு மேல் மடத்துக்கு வந்தவர். அவருடைய குருவான சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

தேரோட்டத்துக்கு முந்தின நாள் வெள்ளோட்டம். அன்று காலையில் வைத்திலிங்கம் மூட்டையோடு வந்து நின்றார்.

"ஊருக்குப் போறேன், சாமி. மனசு ஆட்டங்கண்டுடுச்சு. காலையில இருக்கிற பக்தி சாயங்காலம் இல்ல. அது அசையாம நிக்கட்டும், அப்புறம் வந்து காவி வாங்கிக்கிறேன்."

"ஆட்டங்கண்டா என்ன அர்த்தம்?"

"விழப்போகுதுன்னு அர்த்தம்."

"தேர் வேலை உங்க பொறுப்பு, பெரியவரே. வெள்ளோட்டத்தை முடிச்சுட்டுக் கிளம்புங்க."

தேரின் மேல்மரங்களைக் கயிற்றால் கட்டுவதுதான் அந்த ஊர் வழக்கம். போன வருஷம் தேர் ஆடியது வைத்திலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இந்த முறை மூட்டுக்கு மூட்டு இரும்புப் பட்டை வைத்து ஆணி அடிக்கச் சொல்லியிருந்தார்.

வடம் பிடித்தார்கள். தேர் விறைப்பாகக் கிளம்பியது. கீழவீதி முனையில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியதுதான் தாமதம், மூலைமரம் மடாரென்று பிளந்தது.

"பெரியவர் தேருக்கே கஞ்சி போட்டுட்டாருடா!" என்று வடத்திலிருந்து ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

சாமி சிரிக்கவில்லை. "மரத்தை மாத்துங்க. ஆணியையெல்லாம் பிடுங்கிட்டுக் கயிறு கட்டுங்க" என்றார்.

சாயங்காலம் மறுபடியும் இழுத்தார்கள். சாமி தேர்மேல் ஏறி, வைத்திலிங்கத்தையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதே பள்ளம் வந்தது. உச்சி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. கயிற்றுக் கட்டுகள் முனகின. வைத்திலிங்கம் சாமியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆடுதே, சாமி!"

"ஆடுது."

"விழுந்துடாதா?"

"பள்ளம் தாண்டியாச்சு, பெரியவரே."

வைத்திலிங்கம் திரும்பிப் பார்த்தார். பள்ளம் பின்னால் கிடந்தது. சாமியின் கையை விட்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"ஊருக்குப் போனா என் மனசு அசையாம நின்னுடுமா, சாமி?"

"நின்னுடும். இந்தத் தேரும் நாளைக்கு நிலைக்குப் போயிடும். அப்புறம் ஒரு வருஷம் தகரக் கொட்டகைக்குள்ள அசையாமத்தான் நிக்கும்."