வில்லுக்கு எண்ணெய் வைத்தவள்

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். ராஜா கிடையாது, ராணி கிடையாது, அதனால கேக்காதே. மலை அடிவாரத்துல, மே மாச லீவுல பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தை வருஷத்துக்கு ஒரு தடவை, பத்தே பத்து நாளைக்குத் திறப்பாங்க. பெஞ்சை எல்லாம் சுவரோரமாத் தள்ளி, ஜமக்காளத்தை விரிச்சு, வயலின் கத்துக்கிற பிள்ளைங்களை வரிசையா உக்கார வைப்பாங்க. பதினோரு பிள்ளைங்க, பதினோரு வயலின். எல்லாரும் ஒண்ணா வில்லைப் போட்டாங்கன்னா, கிர்ர்ர், கீய்ய்ய்னு, மரத்துல இருந்த காக்காயெல்லாம் வேற ஊருக்குப் போயிடும். "ம்" சொல்லு அகிலு. சொல்லலைன்னா நிறுத்திடுவேன்.

ம்.

அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தி சுடர்க்கொடி. ஒன்பது வயசு. மத்த பத்துப் பேரும் வீட்லேர்ந்து சொந்த வயலின் கொண்டு வந்தாங்க. இவகிட்ட இல்ல. அதனால முகாம்ல இருந்த ஒரே ஒரு உபரி வயலினை எடுத்து, அங்க சொல்லிக்குடுத்த தமயந்தி டீச்சர் இவ கையில குடுத்தாங்க. குடுக்கும்போதே ரெண்டு விஷயம் சொன்னாங்க.

"பத்தாவது நாள் அப்பா அம்மாவெல்லாம் வந்து உக்காருவாங்க. அவங்க முன்னால ஒரு கீதம், நிறுத்தாம வாசிக்கணும். வயலினையும் வில்லையும் எப்படிக் குடுத்தேனோ அப்படியே திருப்பிக் காட்டணும். ரெண்டும் செஞ்சா, அடுத்த கோடை வரைக்கும் இது உன் வீட்ல இருக்கலாம்."

"ரெண்டுல ஒண்ணு மட்டும் செஞ்சா, டீச்சர்?"

"அது அப்போ பாக்கலாம்."

கீதம்னா சின்னப் பாட்டு, புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு. சுடர்க்கொடி அதை மூணே நாள்ல படிச்சிட்டா. அதுல கஷ்டமே இல்ல. கஷ்டம் வேற இடத்துலேர்ந்து வந்துச்சு.

வயலின் வில்லுல கட்டியிருக்கிறது என்ன தெரியுமா? குதிரை வால் முடி. நெசமாத்தான். அதுல ரோசின்னு ஒரு மரப்பிசின் கட்டி, மஞ்சளா, கண்ணாடி மாதிரி இருக்கும், அதைத் தேச்சாத்தான் முடி கம்பியைப் பிடிக்கும், சத்தம் வரும். டீச்சர் முதல் நாளே இதெல்லாம் சொன்னாங்க. வாசிச்சு முடிச்சா திருகைத் திருகி வில்லைத் தளர்த்தி வைக்கணும், இல்லைன்னா கம்பு வளைஞ்சிடும்னும் சொன்னாங்க. நாலாவது நாள் சுடர்க்கொடியோட வில்லுல ஒரு முடி அறுந்துச்சு. டிக். அஞ்சாவது நாள் ரெண்டு. ஆறாவது நாள் அவ வில்லைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா. முடி காஞ்சு போயிருக்கு. அது முழுக்க வெள்ளை வெள்ளையாப் பொடி. தட்டினா உதிருது.

பாத்ததுமே அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. பொடுகு!

சிரிக்காதேடி. உனக்குப் பொடுகு வந்தப்போ உங்கம்மா என்ன செஞ்சா? எண்ணெய் வச்சாளா இல்லையா? முடி காஞ்சா, உடைஞ்சா, பொடுகு வந்தா, எண்ணெய் வைக்கணும். பொறந்ததுலேர்ந்து அவ தலையில நடந்தது அதுதானே. குடுத்த மாதிரியே திருப்பித் தரணும்கிற பயம் வேற. அப்போ அவ, அம்மா குடுத்தனுப்பின தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில ஊத்தி, அந்த வில்லுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும், நிதானமா, ஆசையாத் தடவி விட்டா. முடி பளபளன்னு ஆச்சு. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில வில்லைக் கம்பியில வச்சா. ஸ்ஸ்ஸ். அழுத்தினா. ஸ்ஸ்ஸ். வழுக்கிட்டுப் போகுது. காத்துதான் வருது, சுரம் வரலை.

ம்?

ம்.

அப்போ அவ என்ன பண்ணியிருக்கணும்? கையைத் தூக்கி "டீச்சர்"னு கூப்பிட்டிருக்கணும். கூப்பிடலை. பதினோரு பேர் வாசிக்கிற கூட்டத்துல வில்லைக் கம்பிக்கு மேல ஒரு நூல் அளவு தூக்கிப் பிடிச்சு, வாசிக்கிற மாதிரியே ஆட்டிக்கிட்டிருந்தா.

அப்புறம் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தப்போ, முதல் வழி பாத்தா. ரோசினை எடுத்து அந்த எண்ணெய் மேலயே தேச்சா. சரக் சரக் சரக். அது பிசுபிசுன்னு களிம்பு மாதிரி ஒட்டிக்கிச்சு. ஸ்ஸ்ஸ்.

அப்புறம் ரெண்டாவது வழி. எண்ணெய் போகணும்னா என்ன போடுவோம்? சீயக்காய். குழாயடிக்கு வில்லைக் கொண்டு போயி, தேச்சுக் குளிப்பாட்டினா. காஞ்சதும் பாத்தா, முடியெல்லாம் சிக்கு விழுந்து, விறைச்சு, நாலு கட்டாப் பிரிஞ்சு நிக்குது. ஸ்ஸ்ஸ்கூட வரலை. எட்டாவது நாள் காலையிலயும் சும்மாவே கையை ஆட்டினா.

அப்புறம் மூணாவது வழி. இதைத்தான் நீ கவனமாக் கேக்கணும். முதல் ரெண்டும் தெரியாத்தனம். இது அப்படி இல்ல.

அவளுக்குப் பக்கத்து ஜமக்காளம் மெர்லினோடது. பத்து வயசு, வாய் ஓயாது. முதல் நாளே சுடர்க்கொடியைப் பாத்து, "ஏய், வயலினை இட்லிக் கரண்டி மாதிரிப் பிடிக்கிற"ன்னு சொன்னவ. சொல்லிட்டு, அவளே விரலைப் பிடிச்சு சரியாகவும் வச்சு விட்டவ. அவ வில்லும் இதே நிறம், இதே நீளம். எட்டாவது நாள் மத்தியானம், சுடர்க்கொடி மெர்லினோட பெட்டியைத் திறந்தா. டக். அவ வில்லை எடுத்தா. தன் வில்லை வச்சா. மூடினா. டக். ஒரு நிமிஷம்கூட ஆகலை.

அன்னிக்கு சாயங்கால வகுப்புல மெர்லின் வில்லைப் போட்டா. சத்தமே இல்ல. டீச்சர் வந்து வாங்கிப் பாத்தாங்க, மூந்து பாத்தாங்க.

"வில்லுக்குத் தலைக்கு ஊத்தினியா?"

எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. சுடர்க்கொடியும் சிரிச்சா. ஆமாம், சிரிச்சா.

"நான் இல்ல டீச்சர்."

"உன் பெட்டி. உன் வில்லு. வேற யாரு?"

"நான் இல்ல டீச்சர், சத்தியமா."

"இங்க மாத்து வில் கிடையாது மெர்லின். நாளைக்கும் நாளன்னிக்கும் நீ தாளம் போடு."

அப்போ மெர்லின் அழலை. வாயாடி அழுதுடுவான்னு எல்லாரும் பாத்தாங்க. அவ வயலினைப் பெட்டியில வச்சு மூடிட்டு, ஒன்பதாவது நாள் முழுக்க, தொடையில தட்டித் தாளம் போட்டா. தப் தப் தப். சுடர்க்கொடிக்கு அந்தத் தாளத்துலதான் வாசிக்க வேண்டியிருந்துச்சு. திருடின வில்லுல சுரம் என்னவோ நல்லாத்தான் வந்துச்சு. சோறுதான் உள்ள இறங்கலை.

ம்?

ம்... சித்தி, மெர்லின் பாவம்.

பாவம்தான். பேசாம கேளு.

பத்தாவது நாள் காலையில அப்பா அம்மாவெல்லாம் வந்து வெளியில வேப்பமரத்தடியில நின்னாங்க. மெர்லினோட அப்பா கேமராவோட வந்திருந்தார். உள்ள டீச்சர் ஒவ்வொரு வயலினா சுருதி சேத்துக்கிட்டு வந்தாங்க. டொய்ங், டொய்ங். சுடர்க்கொடிகிட்ட வந்து கையை நீட்டினாங்க. அவ வயலினைக் குடுக்கலை. வில்லைக் குடுத்தா.

"இது மெர்லினோடது டீச்சர்."

"என்னது?"

"நான்தான் மாத்தி வச்சேன். அவ பெட்டியில இருக்கிறதுதான் என்னோட வில்லு. முடி உடைஞ்சுது. பொடுகு வந்துச்சு. எண்ணெய் வச்சேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கலை. டீச்சர் அந்த வில்லை மெர்லின் பக்கம் நீட்டினாங்க. அப்புறம் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க.

"குதிரை முடின்னு சொன்னேன். எண்ணெய் படக்கூடாதுன்னு சொல்லலை. அந்த வெள்ளைப் பொடி ரோசின், அதனாலதான் சத்தமே வருதுன்னும் சொல்லலை. அது என் தப்பு. மாத்தி வச்சது உன் தப்பு. மெர்லின், நான் உன்னை நம்பலை. அதுவும் என் தப்பு. நீ வாசிக்காம விட்ட நாளை என்னாலயும் திருப்பித் தர முடியாது, இவளாலயும் தர முடியாது."

மெர்லின் வில்லை வாங்கிக்கிட்டா. அது முனையில கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. அதை சுடர்க்கொடி மூக்குக்கு நேரா காட்டினா.

"அன்னிக்கு சாயங்காலமே பாத்தேன். உன் கையில."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா உனக்கு வயலின் தரமாட்டாங்கள்ல." அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஆனா நீ பண்ணது நாய் வேலைடி"ன்னா.

அப்போ சுடர்க்கொடிகிட்ட வயலின் இருக்கு, வில் இல்ல. வேற கதையா இருந்தா இந்த இடத்துல ஒரு தேவதை வரும். இல்லைன்னா பத்துப் பேரும் "என் வில்லை எடுத்துக்கோ"ன்னு ஓடி வருவாங்க. யாரும் வரலை. அவங்கவங்க வில்லை அவங்கவங்க இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுதான் நடந்துச்சு.

"நான் போகட்டுமா டீச்சர்?"

"எங்க? உன் முறை கடைசி. உக்காரு."

"வில் இல்லையே."

"விரல் இருக்கில்ல?"

அப்புறம் எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. ஒவ்வொருத்தரா வாசிச்சாங்க, கை தட்டினாங்க. மெர்லின் வாசிச்சா, அவங்கப்பா நின்னுக்கிட்டே தட்டினார். கடைசியா சுடர்க்கொடி. வயலினை நெஞ்சுல சாச்சு, தலைப்பக்கத்தைக் கணுக்கால்ல ஊன்றி, வலது ஆள்காட்டி விரலால கம்பியைச் சுண்டினா. டிங்.

கேக்கவே இல்ல. மேல ஃபேன் கடகடகடன்னு ஓடுது. பின்னால யாரோ முறுக்குப் பாக்கெட்டைப் பிரிக்கிறாங்க. டிங், டிங். அவ அம்மா முன்னால நகந்து உக்காந்தாங்க. அப்பவும் கேக்கலை.

அப்போ தமயந்தி டீச்சர் எழுந்து போயி, ஃபேனை நிறுத்தினாங்க. டப். அந்த மே மாச வெயில்ல, ஓட்டுக் கூரைக்கு அடியில. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து, ஃபேன் நின்னுச்சு. முறுக்கு நின்னுச்சு. அவ்வளவு பேரும் வேர்த்து வழிய, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க. டிங். டிங். டிங். வில்லு இழுத்தா சுரம் நீளும், விரல் சுண்டினா உடனே செத்துடும். அது சாகறதுக்குள்ள அடுத்ததைச் சுண்டணும். நடுவுல ஒரு இடத்துல அவ தடுமாறினா. அப்போ பக்கத்துலேர்ந்து, தப் தப் தப். மெர்லின். அவளைத் திரும்பிக்கூடப் பாக்கலை, மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டு, தாளம் மட்டும் போட்டா. சுடர்க்கொடி நிறுத்தாம வாசிச்சு முடிச்சா.

அப்புறம் டீச்சர் கேட்டாங்க. "நிறுத்தாம வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"குடுத்த மாதிரியே திருப்பித் தந்தியா?"

"இல்ல டீச்சர்."

"அப்போ பாதி. வயலினை எடுத்துட்டுப் போ. வில் இங்க இருக்கட்டும். முடி மாத்தணும். எப்போ வரும்னு சொல்ல முடியாது."

பஸ்ல போகும்போது அவ அம்மா பெட்டியைத் திறந்து பாத்தாங்க. வில் இருக்கிற பள்ளம் காலியா இருந்துச்சு. "எங்கடி இது?"ன்னு கேட்டாங்க. அவ முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொன்னா, மாத்தி வச்சதையும் சேத்து. இறங்க வேண்டிய ஸ்டாப்பே தாண்டிப் போச்சு.

வில் வந்துச்சா, சித்தி?

வந்துச்சு. ஆடி மாசம். அதுவரைக்கும் அந்த வீட்ல தினமும் டிங் டிங் டிங்தான். வில் வந்த அன்னிக்கு அவ உடனே வாசிக்கலை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினா. மறுபடியும் கழுவினா. வில்லை மூந்து பாத்தா. அப்புறம் ரோசினை எடுத்துத் தேச்சா, சரக், சரக், சரக். வெள்ளைப் பொடி பறந்து, அவ பாவாடையில, முழங்கையில, கம்பிமேல எல்லாம் விழுந்துச்சு. அவ துடைக்கலை.

ம்?

...

வாசிச்சு முடிச்சாச்சு, வில்லைத் தளர்த்தி வச்சாச்சு. கதையும் அதோட சரி. நீயும் கண்ணைத் தளர்த்திக்கோ.